திரும்பிய நேரம்

பாம்பன் டோக்கன் ஆபீஸுக்கு
நான் எழுதிய விதிகள் சில:
பெயர் கட்டாயம். செல்போன் பத்து இலக்கம்.
டீசல், எண்ணில் மட்டும்.
கரை திரும்பிய நேரம்
கடலுக்குப் போன நேரத்துக்குப் பிந்தியே இருக்கும்;
காலியாக விட்டால் கணக்கு மூடாது.

முதல் வாரம் சிரிப்புதான்.
டீசல் கட்டத்தில் "ரெண்டு கேனும் கொஞ்சமும்".
பெயரில் "நம்ம லிட்வின் மச்சான்".
வயது கேட்டதற்கு ஒருவர்,
"தனுஷ்கோடி போனப்ப கைப்பிள்ளை".
எல்லாரையும் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பினேன்,
கொஞ்சம் மிடுக்காகவே.

புதன் ராத்திரி வாடை திரும்பி அடித்தது.
பதினொன்றரைக்குக் கவுண்டரிலிருந்து ஃபிலோமி:
"நாப்பத்தொரு வள்ளம் வந்துருச்சு. ஒண்ணு வரல.
ஏதாச்சும் ஒரு நேரம் போடு போடுங்குது மிஷினு.
என்ன போட, சார்?"
அவளுக்குப் பின்னால் வயர்லெஸ்ஸில்
யாரோ ஒரே படகு எண்ணை
விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதுவும் போடாதீங்க என்றேன்.
மாடலைத் திறந்து
அந்த ஒரு வரியை அழித்தேன்.
இப்ப எடுத்துக்கிச்சு, என்றாள். வைத்துவிட்டாள்.

காலை ஆறு மணிக்குத் தானியங்கிச் சோதனையின் சிவப்பு வரி:
'திரும்பிய நேரம் இல்லாத படகை ஏற்றுக்கொள்கிறது. தவறு.'
தெரியும்.
ஃபிலோமிக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.