நாற்பத்தொரு பனிப்பூக்கள்

திரு. காவ்லாஸ் அவர்களுக்கு,
விஸ்வாவிலிருந்து உங்கள் ஹோட்டல் திருப்பி அனுப்பிய பெட்டி
செவ்வாய்க்கிழமை கொனியாகுவுக்கு வந்து சேர்ந்தது.
நாற்பத்தொன்று. எண்ணிவிட்டேன்.
உங்கள் சீட்டில் இருந்தபடி
'தேநீர் சிந்தியது போல' இல்லை.
பழைய பல்லின் நிறம் அது.
குறையைச் சொல்வதானால்
சரியாகச் சொல்லிவிடுவோம்.

போன நவம்பரில் சர்க்கரைப் பாகில் முக்கினேன்.
ஒற்றைக் கம்பிப் பதம்.
விறைப்பாகத்தான் நின்றன,
முதல் நன்மை வாங்கப்போகும் பிள்ளைகள் போல.
ஜனவரியில் நீங்கள் எழுதியதும்
அறைச்சூட்டில் பாகு பழுத்துவிட்டது என்று
நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.
சர்க்கரையைத் திட்டினேன்.
அது எதிர்த்துப் பேசவில்லை.

பெட்ரோல் நிலையத்தில் இரவுப்பணி முடிந்து
வீடு திரும்பிய காலைகளில்
அறுபதாம் நம்பர் நூலில் ஐந்து சின்ன வட்டங்கள் பின்னி
ஜன்னலோரம் காயவைத்தேன்.
வெள்ளைப் பசை பூசியது
பளபளத்தது, பொய் சொல்கிறவன் நெற்றி மாதிரி.
ஜெலட்டினைப் பூனை நக்கிவிட்டது;
விசாரணைக்கு முன்பே சாட்சி காலி.
சோளமாவு கண்ணிகளுக்குள் திட்டுத்திட்டாய் நின்றது,
வாய் துடைக்காத குழந்தை.
ஒன்று வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க.
மற்றது உருளைக்கிழங்கு மாவு.

குஸ்த்லிக் பனி அகற்றும் வண்டி ஓட்டுகிறவன்.
பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்து
ஜன்னலைப் பார்த்தான். நான் காத்திருந்தேன்,
'எல்லாம் வெள்ளைதானே' என்பான் என்று.
சொல்லவில்லை.
இருபத்திரண்டு குளிர்காலம்
வெள்ளைக்குள்ளேயே வேலை பார்த்தவன்:
நேற்றுப் பெய்தது எது, உப்பு தின்றது எது,
நரி மூத்திரம் பட்டது எது
என்று வண்டி விளக்கில் பிரித்துவிடுவான்.
உங்கள் பெட்டியிலிருந்து ஒரு பூவை எடுத்து
முனையைத் தொட்டான்.
"நடு வெள்ளையாத்தான் இருக்கு.
ஆறு முனையிலும்தான் மஞ்சள். இங்கதானே
குண்டூசி குத்துவ?"

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
குண்டூசிகள். என் கல்யாணத்துக்கு முந்தியவை.
ஒன்றை விரலில் தேய்த்தால்
விரலும் மஞ்சள்.
"என் வண்டிக் கத்தியும் இப்படித்தான் அழும்"
என்று சொல்லிவிட்டு சூப் கேட்டான்.

அன்றிரவு தூங்கவில்லை. கோபம் யார்மேல் என்று
தெரியவில்லை. இழுத்துப் பிடித்து
வடிவம் கொடுத்ததே
கறையும் வைத்திருக்கிறது. அதைச்
சர்க்கரைதான் சுமந்தது, மூன்று மாதமாக.

இளவெந்நீரில் எல்லாவற்றையும் ஊறவைத்தேன்.
பாகு இறங்கியது; நீரை மூன்று முறை மாற்றினேன்.
ஒன்பதில் துரு போகவில்லை.
எலுமிச்சை பிழிந்தும் போகவில்லை.

பிறகு உருளைக்கிழங்கு மாவைப்
பச்சைத் தண்ணீரில் கரைத்து
கொதிக்கும் நீரில் நூலாக ஊற்றிக் கிளறினேன்.
பால்போல் இருப்பது ஒரு கணம்
திடுக்கிட்டுக் கண்ணாடியாகும்.
அந்தக் கணத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்.
கை பொறுக்கும் சூட்டில் முக்கி
பிழியாமல், முறுக்காமல், வெள்ளைத் துண்டில் ஒற்றி
மெழுகுத்தாளில் விரித்து,
புது ஊசி. துருப்பிடிக்காத எஃகு.
காந்தம் வைத்துச் சோதிக்கலாமே என்றான் குஸ்த்லிக்.
கடைக்காரியோடு சண்டை போட்டதே
போதும் எனக்கு.
அடுப்புப் பக்கம் வைக்கவில்லை. இஸ்திரி போடவில்லை.
இரண்டு நாள், நிழலில், கதவு மூடி.

இத்துடன் முப்பத்திரண்டு அனுப்புகிறேன்.
வெயிலில் தூக்கிப் பாருங்கள், அவசரமில்லை.
உங்கள் சமையலறை வாசலில் மட்டும் மாட்டாதீர்கள்:
ஆவி பட்டால் எந்தக் கஞ்சியும் தளரும்.
பாதி விலை போதும்.
ஊசியின் விலை என்னுடையது.

பி.கு.: வெறும் தண்ணீரில் காய்ந்த வட்டத்தைக்
குஸ்த்லிக் தன் வண்டிக் கண்ணாடியில் கட்டியிருக்கிறான்.
விறைப்பே இல்லை அதற்கு.
ஒவ்வொரு வளைவிலும்
ஆடுகிறதாம்.