எதுவும் நடக்காத இரவு

மார்ச் பதின்மூன்று, நாற்பத்து மூன்று.
பிராந்திப் புட்டிகள் என்று சொல்லி
யாரோ ஒரு கர்னல் விமானத்தில் ஏற்றிவிட்ட பொட்டலம்
குளிரில் உறைந்துவிடாமல்
சொன்ன நேரத்துக்கு வெடித்தது.

எனக்கு வந்தது ஒன்றரை வரி.
பெர்லின், டெலிபிரிண்டர் அறை,
எல்லா ராணுவ மாவட்டங்களுக்கும்:
தலைவர் இறந்தார். அதிகாரம் ராணுவத்தின் கையில்.
'இறந்தார்' என்ற இடத்தில் விரல் தவறியது.
அடித்துவிட்டு மறுபடி அடித்தேன்.
மேஜர் ஃபால்கென்ஹாக் என் பின்னால் நின்றார்.
அவர் கைத்துப்பாக்கி நடுங்கிக்கொண்டிருந்தது,
யாரைச் சுடுவதென்று அதற்கே தெரியாததுபோல.

மூன்றாம் நாள்
கிழக்கே போகிற ரயில்களை நிறுத்தினார்கள்.
நிறுத்தச் சொன்ன தாளிலும்
முன்பு போகச் சொன்ன தாளிலும்
ஒரே கையெழுத்து.
இரண்டையும் அனுப்பியவள் நான்.

சண்டை ஓய இன்னும் பதினான்கு மாதம் ஆனது.
தம்பி லோதர் இரண்டு கால்விரல் குறைந்து
டிரெஸ்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.
இன்றும் ஞாயிறு தவறாமல்
கத்தியால் தட்டைத் தட்டிச் சொல்வான்:
"முதுகில் குத்திவிட்டார்கள்.
இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால்
ஜெயித்திருப்போம்."
அந்த இரண்டு வருஷத்தில் என்ன ஆகியிருக்கும்?
எனக்கென்ன தெரியும்.
இன்னொரு உருளைக்கிழங்கு வைப்பேன்.

மேஜருக்குச் சிலை இல்லை.
அவர் வீட்டுச் சுவரில் 'துரோகி' என்று
தார் பூசி எழுதினார்கள்.
அவர் அதை அழிக்கவில்லை,
பக்கத்தில் ரோஜாக்கொடி நட்டார்.
அது இன்னும் 'து'வரைகூட எட்டவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை லெவின்ஸோன்
முகாமிலிருந்து திரும்பினார். தங்கை திரும்பவில்லை.
என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்.
அந்த வரியை அடித்தது நான்தான் என்று
ஒருமுறை சொல்லப் போனேன், கடை வாசல்வரை.
'முந்தைய வரிகளை?' என்று கேட்டால்?
கைப்பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஒரு ரசீது தேடும்போது
பழைய குறிப்பேடு கிடைத்தது.
நாற்பத்தைந்து, பிப்ரவரி பதின்மூன்று, செவ்வாய்.
நோன்புக்கு முந்தைய வேஷத் திருவிழா.
லோதரின் மகளுக்குப் பூனை வேஷம்.
மீசைக் கரி தலையணையெல்லாம்.
இரவு பத்து மணி, வானம் தெளிவு.
கொடியில் காய்ந்த துணியை உள்ளே எடுத்தேன்.
தலையணை உறை ஒன்று குறைகிறது.
வேறொன்றுமில்லை.