ஆள்காட்டிச் சுவர்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் பின்னால்
முனிரத்தினத்தின் காம்பவுண்டு சுவர்
நாற்பத்திரண்டு அடி நீளம்.
லோடு இறக்கிய கால்களெல்லாம்
இருட்டியதும் நேராக அங்கேதான் போகும்.

"சாமி டைல்ஸ் ஒட்டிடலாம்னு இருக்கேன்,
மூணு மதத்துக்கும் தலா பத்து" என்றார்.
சாமி நான் செய்வதில்லை என்றேன்.
செய்யத் தெரியாது என்பதே உண்மை.
முகம் வராது எனக்கு.
கண் வைத்தால் கோபம் வந்துவிடும்,
வாய் வைத்தால் யாரோ சொந்தக்காரர் ஆகிவிடும்.
அலகு வரும்.

பறவை என்றால் பாதி விலை.
பாதி விலை அவருக்குப் புரிந்தது.

ஏரி வண்டலும் ஓசூரில் வாங்கிய வெள்ளைக் களியும்
பிசைந்து தட்டி
ஆறங்குலச் சதுரமாய் அறுத்து
ஈரச்சாக்குக்குக் கீழே பன்னிரண்டு நாள்.
அவசரப்பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும்,
வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி.

பனங்காடையின் நீலம் சொன்னபடி கேட்டது.
செம்போத்துக்கு இரும்புத்துரு போதும்.
மஞ்சள்தொண்டைச் சின்னான்
கோட்டை மலையின் பாறைகளில் மட்டும்.
நாலு ஞாயிறு ஏறி
இரண்டு விநாடி பார்த்தேன்.
அந்த டைலில்
ஒரு மூலையில் இரண்டு விநாடி இருக்கிறது,
மீதியெல்லாம் பாறை.

சிவப்புதான் வஞ்சகம்.
பூசும்போது இருக்கிறது,
ஆயிரத்து அறுபது டிகிரியில் எங்கேயோ போய்விடுகிறது.
அன்றைக்குப் பார்த்து மூன்று மணிக்குக் கரண்டும் போனது.
சூளை தன் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தது,
நானும்.

கொத்தனார் சின்னப்பையனிடம்
ஆள்காட்டியை மட்டும்
சுவர் அதிகம் நனையும் இடத்தில்
இடுப்பு உயரத்தில் ஒட்டச் சொன்னேன்.
பெயருக்கு ஏற்ற வேலை.

முதல் ராத்திரி
எதிர்க்கடையில் டீயோடு காத்திருந்தேன்.
வந்தான் ஒருவன்,
கெலமங்கலம் பக்கத்து வண்டிக்காரன்.
ஒரு கை லுங்கியில்,
மறு கையில் செல்போன் வெளிச்சம்.
நின்றான். குனிந்தான்.
வந்த வேலையை மறந்துபோனான்.

"யாருய்யா செஞ்சது இது?
ஆள்காட்டிக்கு ஈரல் கலர்லயா மூக்கு?
ராத்திரி மோட்டார் போடப் போறப்பல்லாம்
எங்க காட்டுல முதல்ல கத்துறது அதுதான்.
கண்ணு முன்னால தொங்குற தோலு
ரத்தமாட்டம் இருக்கும்யா, ரத்தமாட்டம்!"

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.
கடைக்காரி எல்லம்மா
விரலை நீட்டிக்
காட்டிக்கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை என் வாசலில் ஒரு தக்காளி.
இந்தக் கலரு, என்று சொல்லிவிட்டுப் போனானாம் மாதப்பன்.
அதைப் பார்த்துப் பார்த்து மூன்று முறை சுட்டேன்.
ஒருமுறை செங்கல். ஒருமுறை மறுபடி ஈரல்.
ஒருமுறை நல்ல கறுப்பு.
தக்காளியை ரசம் வைத்துவிட்டேன்.

சுவர் காய்ந்தது என்னவோ உண்மை.
ஈரம் பத்தடி தள்ளிப் போய்விட்டது.
உரக்கடை அன்வர் பாஷா வந்து
"எனக்கு ஆந்தையா போட்டுக் குடும்மா,
இருட்டுல முழிக்கிற மாதிரி" என்று
முன்பணம் வைத்துவிட்டுப் போனார்.

ஆந்தைக்கு அளவெடுக்கப் போன அன்றுதான் பார்த்தேன்.
ஆள்காட்டியின் முகத்தில்
பளபளவென்று சிவப்பு.
மகளின் நகப்பூச்சாம்.
சந்தையில் வாங்கியது, பத்து ரூபாய்க் குப்பி.
தோலில் ஒரு சொட்டு வழிந்துகூட இருந்தது.

தீயில் நிற்காத பூச்சு. ஒரு மழை தாங்காது.
சுரண்டிவிடலாமா என்று நகத்தை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது,
சிவந்த அலகின் நுனியில்
பேனாவால் வைத்த ஒரு பொட்டு மை.

நுனி கறுப்பு என்று
எனக்குத் தெரியாது.