கூட்டக் குறிப்பேடு

புந்தா அரேனாஸ். அக்டோபர், செவ்வாய், மாலை நான்கு.
பள்ளிச் செயலர் நான். பேசுவது என் வேலையில்லை,
பேசியதை எழுதுவது.

பொருள் ஒன்று:
ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம்
பிள்ளைகள் எழுந்து நடமாட வேண்டும் என்கிறார்
தலைமையாசிரியை ஒர்த்தென்சியா.

எதிர்ப்புகள், வந்த வரிசையில்:
பாடம் முடியாது.
வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். (நெலிதா, வரலாறு.)
முற்றத்துக்குப் போனால் காற்று தள்ளிவிடும்,
தெருவில் பிடித்து நடக்கக் கயிறு கட்டும் ஊர் இது.
என் முட்டி. (எவரிஸ்தோ, கணக்கு.
ஓய்வுக்குப் பதினான்கு மாதம்.)
திராகோ மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல்
செய்துதான் பார்ப்போமே என்றார்.

திரையில் வரைபடம் ஒன்று காட்டினார்கள்.
கோடு மேலே ஏறியது.
கோடு ஏறியதைப் பார்த்து
ஒரு காலும் எழவில்லை.

ஆறு மணிக்கு, வழக்கப்படி,
எழுதியதை உரக்க வாசித்தேன்.
எல்லாவற்றையும்:

நான்கு இருபது. எவரிஸ்தோ சன்னலைச் சாத்த எழுந்தார்.
அது சாத்தித்தான் இருந்தது.
நான்கு நாற்பது. நெலிதா காலணியைக் கழற்றி
மேசைக்கடியில் பாதத்தைச் சுழற்றினார்.
ஐந்து மணி. காபிக்கு எழுந்தவர் ஏழு பேர்.
குடித்தவர் இருவர்.
ஐந்து பத்து. எவரிஸ்தோ, மறுபடி சன்னல்.
ஐந்தரை. நாற்காலிகள் முனகல், எண்ணிக்கை தவறிவிட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை.
காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது.

பிறகு சொன்னது குறிப்பில் இல்லை,
வாயில் வந்துவிட்டது:
ஐந்தாம் வகுப்பு அமாரோவை
இடத்தில் இருக்கமாட்டான் என்று
இந்த மாதம் ஒன்பது முறை என்னிடம் அனுப்பினீர்கள்.
என் அறையில் அவன் கடித உறைகளுக்குத்
தபால்தலை ஒட்டினான், நின்றுகொண்டே,
இருநூற்றுப் பத்து உறை.
ஒரு தலையும் கோணவில்லை.

நெலிதா காலணியைத் தேடினார்.
முடிவு: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
அப்படித்தான் எழுதினேன், கையொப்பம் வாங்கினேன்.

வியாழன், பத்தேகால்.
நகலெடுக்கப் போனவள் நடைவழியில் நின்றுவிட்டேன்.
தரையில் சுண்ணக்கட்டிக் கோடு,
நடுவில் சுழியம், இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் கழித்தல் ஏழு.
மேலங்கி போட்ட பிள்ளைகள்
கூட்டியும் கழித்தும் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
சந்தைக்கடைதான். நெலிதா சொன்னது சரி.

சுழியத்தின்மேல் எவரிஸ்தோ,
ஒரு கை முட்டியில்.
கழித்தல் மூன்றில் நின்ற அமாரோ கேட்டான்:
ஐந்து கூட்டினால் எந்தப் பக்கம், சார்?

வாயால் சொல்லியிருக்கலாம்.
அவர் மூன்றடி நடந்து அவனருகே போனார்,
திரும்பினார்,
இருவரும் சேர்ந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள்.
நாலாவது அடியில் முட்டி சொடுக்கியது,
நடைவழி முழுக்கக் கேட்டது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
ஐந்தாவதையும் வைத்தார்.

நகல் எடுக்க மறந்து
என் மேசைக்குத் திரும்பினேன்.
குறிப்பேட்டைத் திறந்து,
உட்காராமல்,
தேதி போட்டேன்.