தங்க விளிம்பு

புதன்கிழமை ஓய்வூதியக்காரர்களுக்குப் பாதி விலை.
லிமரிக்கில் ஒரு சலூன், வெளியே மழை.
முடி உலர்த்தும் கூண்டுகளுக்குள் தலையை நுழைத்து
மூவரும் கத்திக்கொண்டிருக்கிறோம்.

"எட்டாம் கட்டத்துல உன் கால் கோட்டுல பட்டுச்சு"
என்கிறாள் டிம்ப்னா.
"படலை" என்கிறாள் கன்செப்டா.
ஐம்பத்திரண்டாம் வருஷத்துச் சுண்ணக்கட்டிக் கோடு.
அன்று சாயங்காலமே மழை அழித்துவிட்டது.
தீர்ப்புதான் இன்னும் வரவில்லை.

எங்கள் சில்லு ஒரு ஷூ பாலிஷ் டப்பா.
மண் அடைத்து மூடினால் போட்ட இடத்தில் நிற்கும்.
காலி டப்பா என்றால்
பாதிரியார் வீட்டு வாசல் வரை உருளும்,
யார் போய் எடுப்பது?

பாண்டி சலித்தால் கடை.
ஜன்னல் திட்டில் சேற்று ரொட்டி,
செங்கல் பொடி மிளகாய்த்தூள் அல்ல, தேயிலை.
காசு, உடைந்த பீங்கான்.
வெறும் வெள்ளை ஒரு பென்னி.
நீலப் பூ இருந்தால் ஆறு.
தங்க விளிம்பு ஒரு பவுன்,
கடையையே எழுதி வாங்கலாம்.

மற்றவர்கள் சாம்பல் மேட்டைக் கிளறி
வாரத்துக்கு ஒன்றிரண்டு தேற்றினார்கள்.
நான் சனிக்கிழமை காலையில்
பாவாடை நிறைய அள்ளி வருவேன்.
வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கூலி நாள்.
அம்மாவின் கல்யாணக் கோப்பைகள் ஆறு;
தெருவில் ஆறு வாரம் நான்தான் சீமாட்டி.

"பொறாமையா இருக்கும்டி" என்கிறாள் டிம்ப்னா,
அறுபத்தெட்டு வருஷம் கழித்து, பத்திரிகையைப் புரட்டியபடி.
"நீங்க மட்டும் ஏன் எதையும் உடைக்கிறதே இல்லைன்னு
எங்கப்பாகிட்ட அழுதேன்."

"என்ன சொன்னார்?"

என் கூண்டு அந்த நேரம் பார்த்து நின்றது.
என் குரல் கடை முழுக்க விழுந்தது.

"ஒண்ணும் சொல்லலை.
சட்டையை மாட்டிக்கிட்டு
உங்க வீட்டுக் கதவைத் தட்டினார்."

எனக்கு அந்தத் தட்டல் தெரியும்.
கடன்காரன் என்று
படிக்கட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன்.
இரண்டு ஆண் குரல்கள், அதிகம் பேசவில்லை.
மறுநாள் ரொட்டி சுட்டு அடுக்கியிருந்தோம்,
நல்ல சேறு, பதமான சேறு.
என் பாவாடையில் ஒரு வெள்ளைச் சில்லுகூட இல்லை.
எவ்வளவு கோபம் எனக்கு!

கன்செப்டாவின் கூண்டு இன்னும் இரைகிறது.
ஒன்றும் கேட்கவில்லை அவளுக்கு.
"படவே இல்லை" என்கிறாள்,
குதிகாலைத் தூக்கிக் காட்டி.