கதிரைக் காசு

சனிக்கிழமை பத்து மணி சுகிர்தாவுக்கு.
பச்சைப் பேனையால் கொப்பியில் எழுதி
அடிக்கோடும் போட்டிருந்தேன்.
"தட்டாதெருச் சந்தியிலை நிக்கிறன் அக்கா,
நீங்கள் டையைக் குழையுங்கோ"
என்றாள் பத்துக்கு ஐந்து இருக்கையில்.
நம்பிக் குழைத்தாள் ஜெனிற்றா.
குழைத்தால் அதற்கு ஆயுள் அரைமணித்தியாலம்.
பத்தரைக்கு அடித்தேன், மணி போனது.
பதினொன்றுக்கு அடித்தேன், அதுவும் போகவில்லை.
கிண்ணத்தின் ஓரம் காய்ந்து கறுத்தது.
சந்தியிலிருந்து என் கடைக்கு
நொண்டி நடந்தாலும் ஏழு நிமிடம்.

அதே பத்து மணியைத்தான்
பெரியாஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தி கேட்டாள்.
அவளுக்கு அன்றைக்கு மட்டும் லீவு.
ஆள் இருக்கு என்று திருப்பி அனுப்பினேன்.

பாசையூரில் இருந்து ஜெனிற்றா வரும் பஸ் காசு,
அவளுடைய நாட்சம்பளம், கடை வாடகை,
யாரும் இருக்காத கதிரைக்கும் ஓடுகிற ஏசி.
ஆனால் இந்த ஊரில்
வீட்டை விட்டுப் போகிறவரும்
"போட்டு வாறன்" என்றுதானே படலையைச் சாத்துவார்.
போகிறதையே வாறன் என்கிற வாயிடம்
வராததற்கு எப்படிக் காசு கேட்பது?

அறிவித்தல் எழுதினேன்.
அபராதம் என்று போட்டால் கோட்டுப் படி ஏறின மாதிரி.
கட்டணம் என்றால் கரண்ட் பில்.
"தயவுசெய்து" இரண்டு தரம் வந்த தாளை
நானே கிழித்தேன்.
கடைசியில் ஜெனிற்றா சொன்னாள்:
"கதிரைக் காசு எண்டு போடுங்கோ அக்கா."
போட்டேன். முற்பணம் ஆயிரம்.
முதல் நாளே சொல்லாவிட்டால் திரும்பாது.

"தெரிஞ்ச ஆக்களுக்குமோ?"
எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி.
யாழ்ப்பாணத்தில் தெரியாத ஆளுக்கு
நான் எங்கே போவேன்?
கனடாவில் இருந்து வந்து இறங்குகிற பெண்ணும்
மூன்றாவது கேள்வியில்
எனக்கு ஏதோ முறையாகிவிடுகிறாள்.
முதல் ரசீது என் சொந்த மச்சாள் யசோவுக்கு.
மூன்று கிழமை கதை இல்லை.
நாலாம் கிழமை
கடை திறக்க முதலே வாசலில் நின்றாள்,
முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டு.

ஆவணியில் ஒரு கலியாணம்.
விடிய மூன்றரைக்குப் பொம்பிளை வெளிக்கிடுத்த வேணும்.
முதல் நாள் பின்னேரம் தகவல் வந்தது:
"கலியாணம் நிண்டிட்டுது."
மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை.
முற்பணத்தை என்வலப்பில் போட்டு
லாச்சிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் கடை திறக்க
தாய்க்காரி வந்து நிற்கிறா,
குடையை மடிக்காமல்.
மிச்சக் காசு கையில்.
"அம்மா, நான்தான் உங்களுக்குத் தர வேணும்" என்றேன்.
"மண்டபக்காரன் பாதியை விட்டிட்டான்.
சமையல்காரர் ஒண்டும் வேண்டாம் எண்டிட்டினம்.
ஐயர் தேசிக்காய் தந்து அனுப்புறார்.
எல்லாரும் விட்டுத் தருகினம் பிள்ளை.
நீயாவது வாங்கு."

வாங்கினேன்.
அவ பார்க்க, ஒற்றை ஒற்றையாய் எண்ணினேன்.
நூறு ரூபா கூட இருந்தது, திருப்பிக் கொடுத்தேன்.
ரசீதில் கை நடுங்காமல் எழுதினேன்.
அதை நாலாய் மடித்துப் பேர்சுக்குள் வைத்தா.
"காசு கட்டின கதிரைதானே" என்று
ஏறி இருந்தா.
கண்ணாடியைப் பார்க்கவில்லை.
ஜெனிற்றா சீப்பை எடுத்தாள்,
பிறகு வைத்தாள்.
வெளியே மானிப்பாய் பஸ் இரண்டு போனது.
இருபது நிமிடம் இருக்கும்.
எழும்பி, சேலை மடிப்பைத் தட்டி, போனா.
ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கொப்பியில் அந்த வரிக்கு நேரே
வந்தது, வராதது என்று இரண்டு கட்டம்.
பேனையைத் திறந்தபடி இருந்தேன்.

போன் அடித்தது. சுகிர்தா.
"அக்கா, இண்டைக்குப் பத்து மணி இருக்கோ?
நான் இஞ்சை கிட்டத்தான், சந்தியிலை..."

"சந்திக்கதை வேண்டாம் பிள்ளை.
கதிரையிலை இருந்துகொண்டு சொல்லு,
குழைக்கிறன்."