மனை எண் பதினான்கு

பாசிர் ரிஸ், புளோக் நானூற்றுப் பதினேழுக்குப் பின்னால்
சமூகத் தோட்டத்தில் எனக்கு இரண்டு மீட்டர் நிலம்;
குலுக்கலில் விழுந்தது, மூன்று ஆண்டுக்கு.

இந்தப் பக்கம் திருமதி சுவீ லான்
கயிறு பிடித்து நேர்கோட்டில் கைலான் நட்டிருக்கிறார்.
அந்தப் பக்கம் ஸலேஹா: பாண்டான், செராய், மிளகாய்.
நடுவில் நான்
முள் வளர்க்கிறேன்.

கழிமுள்ளி.
ஸலேஹாவுக்கு அது ஜெருஜு.
நர்சரிக்காரர் ரசீதில் 'இதர செடி' என்று போட்டார்,
ஆறு வெள்ளி.
முண்டகம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன்.
மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த சொல்
சேற்றில் கால் ஊன்றி
என் விரலைக் கிழிக்கும் என்று நினைக்கவில்லை.

பழைய மீன் பெட்டி, களிமண், இரண்டு வாளித் தண்ணீர்.
உப்பு கேட்குமோ என்று ஒரு கரண்டி போட்டேன்.
அது சட்டை செய்யவில்லை.

ஐந்து மாதம் வெறும் இலை, ஓரமெல்லாம் ரம்பம்.
"சாப்பிடலாமா?" என்றார் சுவீ லான்.
முடியாது.
"மருந்தா?"
தெரியாது.
"பிறகு ஏன்?"

அதையேதான் நகர மன்றக் கடிதமும் கேட்டது,
கொஞ்சம் மரியாதையாக:
சிறுவர்களுக்கு ஊறு விளைவிக்கக்கூடிய தாவரம்.
பதினான்கு நாள்களுக்குள் அகற்றவும்.

பன்னிரண்டாம் நாள்
சுரங்கத்தில் இரவெல்லாம் தண்டவாளம் தேய்த்துவிட்டு
முதல் பேருந்தில் வந்து இறங்கினால்
ஊதா.
ஒரே ஓர் உதடு.
மேலுதடே இல்லாத பூ,
பாதி பேச்சில் யாரோ கதவைத் தட்டியதுபோல.
கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு
தலையை உள்ளே கொடுத்து
பின்புறம் மட்டும் வெளியே தெரிய
துளைப்பான் இயந்திரம்போல் உறுமிக்கொண்டிருந்தது.

சுவீ லான் குழாயை மூடினார்.
வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பெட்டியைச் சுற்றி
மூங்கில் குச்சிகள், சிவப்புக் கயிறு,
கைலானுக்குப் பிடித்த அதே கயிறு.
அட்டையில் மூன்று மொழிகளில் 'தொடாதே'.
கீழே தமிழுக்கு இடம் விட்டிருந்தார்.
நான் எழுதினேன்:
முள்ளி. மெல்லப் பார்க்கவும்.

அதிகாரி வந்து நான்கைந்து படம் எடுத்துப் போனார்.
பதில் இன்னும் வரவில்லை.
காய் அதற்குள் முற்றிக் காய்ந்துவிட்டது.

நேற்று உச்சி வெயிலில் டப்பென்று ஒரு வெடிப்பு.
விதை எங்கே விழுந்ததென்று நான் தேடவில்லை.
ஸலேஹாதான் தன் செராய்ப் புதருக்குள் குனிந்து
எதையோ எடுத்து
உள்ளங்கையில் புரட்டிப் பார்த்து
திரும்ப மண்ணிலேயே வைத்தாள்.